ஆறிய தழும்பும் ஆறாத நோவும்

நாரி என்றால் பெண் என்று பொருள் சொல்லுவான் பண்டித வகுப்பு மாணவன். நிகண்டும் அவனுக்குத் துணை நிற்கும். ஆனால் அதே மாணவனுடைய தகப்பனார் மாலையில் தோட்டத்தால் வந்து திண்ணையிலே குந்தி, "நாரி முறிஞ்சு போச்சு" என்று சொல்லும்போது, எந்தப் பெண்ணுக்கும் யாதொரு தீங்கும் நேர்ந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு நாரி என்பது முதுகின் அடிப்பாகம். இடுப்பு வேறு, முதுகு வேறு, மனிதன் குனியவும் நிமிரவும் அச்சாக நிற்கின்ற அந்தச் சாண் அகலமான இடமே நாரி. தமிழகத்து நண்பர் ஒருவருக்கு இதனை விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. இறுதியில் அவர், "எங்களூரில் இதற்கெல்லாம் சேர்த்து இடுப்பு என்றே சொல்லிவிடுவோம்" என்றார். சிக்கனமான ஊர்தான்.

எங்கள் கொழும்புத்துறை நாரியால் உழைக்கிற ஊர்களுள் ஒன்று. கடனீரேரியிலே தண்ணீருக்குள் நின்று வலை இழுக்கிறவர்கள், கல் அடுக்குகிற மேசன்மார், மரம் அறுக்கிற தச்சர், குனிந்து நாற்று நடுகிற பெண்கள் ஆகிய எல்லோருக்கும் நாரியே மூலதனம். ஆகவே அந்த இடத்து நோவைச் சொல்வதற்கு அவர்களிடம் சொற்கள் பல உண்டு. உழைத்த களைப்பால் வந்து, படுத்தால் தணிகின்ற மந்தமான நோ 'உளைவு'. ஒரு பக்கம் திரும்பவொட்டாமல் திடீரென்று இறுக்குவது 'பிடிப்பு'. ஊசிபோல் நுழைந்து மறைவது 'குத்து'. எரிவும் நோவும் கலந்து வருவது 'கடுப்பு'. உணர்ச்சி மரத்துப்போவது 'விறைப்பு'. நாரியில் தொடங்கித் தொடை வழியே குதிக்கால் வரைக்கும் மின்னலென இறங்குவதை 'ஓடுது' என்கிற ஒரு வினையாலேயே சொல்லிவிடுவார்கள்.

மொழியாராய்ச்சி செய்யும் ஆசையால் நான் இவற்றை எழுதவில்லை. எங்கள் ஒழுங்கையிலே குடியிருக்கும் தச்சுத் தொழிலாளர் ஒருவருடைய முள்ளந்தண்டு, சில ஆண்டுகளுக்கு முன்னர், இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டிலே தங்கியிருந்தது. அதைச் சொல்லுமுன் முள்ளந்தண்டின் அமைப்பைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

நம் யோக நூலார் முதுகந்தண்டை வீணாதண்டு என்பர். அழகான பெயர். ஆனால் வீணைத் தண்டு ஒரே மரம். இதுவோ பல துண்டுகளாலான கோவை. ஒரு முள்ளென்பிற்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மெத்தை உண்டு. கழுத்து முதல் நாரி வரை இவ்வாறு 23 மெத்தைகள். ஆங்கிலத்தில் டிஸ்க் என்று வழங்குவது இதுவே. நுங்கை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே வழுவழுப்பான கண். வெளியே அதனைத் தாங்கி நிற்கும் நார்ச்சுவர். பாரம் தூக்கித் தூக்கியோ, வயது சென்றோ அந்தச் சுவர் பின்பக்கமாய் வெடித்தால், உள்ளே இருக்கும் கண் பிதுங்கிப் பக்கத்திலே போகின்ற நரம்பை நெருக்கும். காலுக்குள் 'ஓடுகின்ற' நோ அதனால் வருவது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்திலே மிக்ஸ்ரர், பார் என்னும் இரு சத்திரவைத்தியர்கள் 1934ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டி, பிதுங்கிய பகுதியை வெட்டியெடுத்தால் நோ தீரும் என்றும் காட்டினார்கள். அன்று தொடக்கம் உலகமெங்கும் எண்ணற்ற மனிதர் அந்தச் சிகிச்சையால் எழுந்து நடந்திருக்கின்றனர். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று.

இந்த மெத்தையில் ஒரு விசேடம் உண்டு. வளர்ந்த மனிதனுடைய மெத்தைக்குள்ளே இரத்தக் குழாய் இல்லை. மேலும் கீழும் உள்ள என்புகளிலிருந்து கசிந்து வருகின்ற ஊட்டத்தாலேயே அது வாழ்கின்றது. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்குவது எளிது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நாடு எங்கள் நாடு. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருகின்ற நீரையே நம்பிக் கிணறு வெட்டுகிறோம். மெத்தையும் அப்படிப்பட்டதொரு குடாநாடு. அங்கே கிருமி ஒன்று குடியேறிவிட்டால், அதனை எதிர்க்க வருகின்ற வெள்ளணுக்களும் கசிந்துதான் வரவேண்டும். நாம் ஏற்றுகின்ற மருந்தும் கசிந்துதான் வரவேண்டும். கிருமிக்கு அவசரமில்லை. அது ஆறுதலாய் இருந்து என்பைத் தின்னும்.

சத்திரசிகிச்சையின் போது எவ்வளவு தூய்மை பேணினாலும், நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் இவ்வாறு மெத்தைக்குள் கிருமி புகுந்துவிடுவதுண்டு. சில கணக்குகள் அதனிலும் குறைவாகச் சொல்லும்; சில, இரண்டு மூன்று என்று சொல்லும். நீரிழிவு உடையவர்களுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் அபாயம் அதிகம். பெரும்பாலும் குற்றவாளியாய் நிற்பது ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் கிருமி. நம் தோலிலும் மூக்கிலும் சாதுவாய்க் குடியிருப்பது அது. 1880களில் ஸ்கொத்லாந்து தேசத்துச் சத்திரவைத்தியர் அலெக்சாந்தர் ஒக்ஸ்ரன், பூதக்கண்ணாடியின் கீழ்க் குலைகுலையாய்த் தோன்றிய இக்கிருமிக்குக் கிரேக்க மொழியிலே கொடிமுந்திரிகைக் குலை என்று பொருள்படும் பெயரை இட்டார். கொடிமுந்திரிகைப் பந்தலைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு அந்தப் பெயர் இனிக்கவே செய்யும். வினைதான் கசப்பு.

இந்த நோயின் கொடுமை அதன் இடைவேளையில் இருக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்தவுடன் காலுக்குள் ஓடிய பழைய நோ நின்றுவிடும். நோயாளி மகிழ்வார், வீட்டார் நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள். தழும்பு அழகாக ஆறும். பின்னர் இரண்டாம் கிழமையிலோ நாலாம் கிழமையிலோ, முன்பு இல்லாத ஒரு புதிய நோ நாரியின் நடுவே தோன்றும். பலருக்குக் காய்ச்சலே இராது. தழும்பிலே சிவப்போ சீழோ இராது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் சுகம். கனடாவின் வன்கூவர் நகரத்து நரம்புச் சத்திரவைத்தியர் பிராங்க் ரேண்புல் 1953ஆம் ஆண்டிலே இந்த நிலைமையைத் தனியாக எடுத்து எழுதினார். அதற்குப் பின் 70 ஆண்டுகள் சென்றுவிட்டன. இருந்தும் நோ தோன்றிய நாளுக்கும் நோய் கண்டுபிடிக்கப்படும் நாளுக்கும் இடையே கிழமைகள் கழிந்துபோவது இன்றும் உண்டு.

எங்கள் தச்சருக்கு நிகழ்ந்ததும் அதுவே. தூரத்து நகரம் ஒன்றிலே சத்திரசிகிச்சை. நல்ல சிகிச்சை. பத்தாம் நாள் வீட்டு முற்றத்திலே நடந்து திரிந்தார். இருபதாம் நாள் நோ வந்தது. உள்ளூரிலே ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். அங்கே இருந்தவர் தமிழர். எங்கள் பகுதிப் பிள்ளைதான். நோயாளர் வரிசை வாசலைக் கடந்து நின்றது.

"என்ன ஐயா, ஒப்பரேசன் செய்த இடம் நோகுதோ?"

"ஓம் டொக்டர், நாரிக்கை..."

"அது அப்பிடித்தான் இருக்கும். மாறிவிடும்."

தழும்பைப் பார்த்தார், நன்றாக ஆறியிருந்தது. துண்டிலே ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் எழுதப்பட்டன. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் முதுகு வலி என்பது அதன் பொருள். நோ தணிக்கும் குளிசை தரப்பட்டது. அவரை நான் குறை கூறமாட்டேன். ஒரு காலையிலே நூறு பேரைப் பார்ப்பவர் கேட்கக்கூடிய கேள்வியையே அவர் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி 'ஓம்', 'இல்லை' என்னும் இரண்டு விடைகளுக்கு மட்டுமே இடம் வைத்திருந்தது. தச்சரின் வாயிலே நின்ற சொற்கள் வாயிலேயே நின்றுவிட்டன.

அடுத்த ஒன்பது நாட்களும் அந்த வீட்டிலே நடந்தவை இங்கே எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. எண்ணெய் பூசிப் பிடித்துவிடலாம் என்றார் ஒருவர். முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் போகலாம் என்றார் இன்னொருவர். முற்றிய வீட்டில் நெருப்பைத் தேடாமல் கூரையைத் தட்டிப் பார்ப்பது போன்றது அது. நல்லவேளை, தச்சர் யாரையும் நாரியைத் தொட விடவில்லை. "எல்லாம் சகிக்க வேணும், சுவாமியார் இருந்த ஊர் அல்லவோ" என்றும் ஒரு முதியவர் சொன்னார்.

இந்த ஊரிலே சுவாமியார் என்றால் சிவயோக சுவாமிகள் ஒருவரே. கொழும்புத்துறையிலே ஒரு சிறு கொட்டிலில் நெடுங்காலம் வாழ்ந்து 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் சமாதியடைந்தார். அவருடைய சகிப்பை எவரும் ஐயுறார். ஆனால் 1961ஆம் ஆண்டிலே அவர் விழுந்து இடுப்பென்பு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். அவரும் அங்கே பல நாள் இருந்தார் என்பதையும் அந்த முதியவர் அறிவார். உடம்பின் நோவைச் சகிப்பது ஞானமாகலாம். அதை வைத்தியரிடம் சொல்லாமல் மறைப்பதை எந்த ஞானியும் கேட்டதாக நான் அறியேன்.

இரண்டாவது வைத்தியர் வயதில் இளையவர். அவர் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்து, "உந்த நோ எப்பிடி இருக்குது, சொல்லுங்கோ ஐயா" என்றார். தச்சர் பேசத் தொடங்கினார்.

"இது பழைய நோ இல்லை டொக்டர். பழைய நோ காலுக்கை ஓடினது, படுத்தால் விடும். இது ஓடாது. நாரிக்கை குந்திக்கொண்டு இருக்குது. உளைவும் இல்லை, குத்தும் இல்லை. இரவிலைதான் கூட. திரும்பிப் படுக்க ஏலாது. ஆரும் வந்து கட்டிலிலை முட்டினாலே உயிர் போகுது."

வைத்தியர் எழுதுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பாடநூல் இந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஏறக்குறைய முழுவதும் அந்த ஆறேழு வாக்கியங்களிலே இருந்தது. ஓய்வெடுத்தும் தணியாமை; இரவிலே மிகுதல்; அசைவைப் பொறுக்காமை; கட்டில் அதிர்ந்தாலும் உயிர் போதல்; பழைய கால் நோவினின்றும் வேறாதல். தச்சரின் தமிழிலே தவறிப்போன குறி ஒன்றும் இல்லை.

அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள். இதிலே இரண்டு சோதனைகள் முக்கியம். செங்கணங்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழே படிகின்றன என்று பார்ப்பது ஒன்று. சி. ஆர். பி. என்று சுருக்கமாக வழங்கும் புரதத்தை அளப்பது மற்றது. எந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் இவை உயரும். ஆனால் சி. ஆர். பி. இரண்டு மூன்று நாளில் உச்சிக்கு ஏறி, ஏறக்குறைய இரண்டு கிழமையில் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ உள்ளே ஏதோ எரிகின்றது என்பது பொருள். தச்சருக்கு அது ஏறியிருந்தது. அதன் பின்னர் காந்த அதிர்வுப் படம் எடுத்தார்கள். நாலாம், ஐந்தாம் நாரி முள்ளென்புகளுக்கு நடுவே இருந்த மெத்தையும் அதனைத் தொட்ட என்புகளும் நோயுற்றிருந்தன.

இந்த இடத்திலே எனக்கு வியப்பளித்தது, வைத்தியர் உடனே மருந்து கொடுக்காமை. படம் பார்த்து ஊசியைச் செலுத்தி, மெத்தையிலிருந்து சிறிது சதையை எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்த பின்னரே மருந்து தொடங்கினார்கள். காரணம் கேட்டேன். நம் நாடுகளிலே முள்ளந்தண்டைத் தாக்குவதற்கு இன்னொரு பழைய எதிரியும் உண்டு; அது கசநோய். இங்கிலாந்திலே பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் 1779ஆம் ஆண்டிலேயே அதன் விளைவான கூனையும் கால் முடங்குதலையும் எழுதிவைத்தார். கசநோய்க்கு மருந்து வேறு, காலமும் வேறு. ஆளை அறியாமல் அம்பு எய்தால் இரண்டும் தப்பும். முன்கூட்டியே கடையிலே வாங்கி விழுங்கிய நாலைந்து குளிசைகள்கூடக் கிருமியை மறைத்துவிடும், கொல்லமாட்டா. காலிலே பலம் குறைந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, காய்ச்சலால் உடல் துவண்டாலோ இந்தப் பொறுமைக்கு இடமில்லை. சீழ் நரம்புக் குழாயை நெருக்குகின்றது என்று எண்ணி உடனே செயற்பட வேண்டும், சில வேளை மறுபடி அறுக்கவும் வேண்டும்.

உலகம் அறிந்த ஒருவர் இந்த வழியிலே நடந்திருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதியாய் விளங்கிய யோன் கெனடிக்கு 1944ஆம் ஆண்டிலே முதன்முதல் டிஸ்க் சத்திரசிகிச்சை நடந்தது. அது சுகம் தரவில்லை. 1954 ஒக்டோபரில் நியூயோர்க்கிலே நாரி என்புகளை உலோகத் தகடு வைத்துப் பொருத்தினார்கள். தச்சரின் சிகிச்சையிலும் பெரியது அது. சில நாளிலே கிருமி தாக்கி நினைவிழந்து, குருவானவர் வந்து இறுதிச் சடங்கு செய்யும் நிலைக்கு அவர் போனார். அவருக்கு அடிசன் நோயும் இருந்தமையால் அபாயம் பன்மடங்கு. 1955 பெப்ரவரியிலே மறுபடி அறுத்துத் தகட்டை எடுத்தார்கள். 1957இலும் அதே இடத்திலே சீழ் கட்டி, கீறி எடுக்க நேர்ந்தது. அந்தப் படுக்கைக் காலத்திலே உருவானதுதான் 1956இல் வெளிவந்து அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு பெற்ற அவருடைய நூல். அது அரசியலாளரின் மனத்துணிவைப் பற்றியது. நோவைப் பற்றிய நூலன்று. முதுகு போரிலே பட்ட காயம் என்றே நாடு எண்ணியிருந்தது. அடிசன் நோய் மறைக்கப்பட்டது. உலகத்திலேயே சிறந்த வைத்தியரைச் சூழ வைத்திருந்தவரின் நிலை இது. நோவுக்கு உரியவரே சொல்லவேண்டியதைச் சொல்லாவிட்டால் அதைப் பிறர் எப்படி அறிவது?

சொல்வதற்கும் எழுதுவதற்கும் இடையே தமிழிலே ஒரு பாலம் கட்ட முயன்றவர் ஒருவர் நம் மண்ணிலே வாழ்ந்தார். மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டிலே இங்கே வந்து, நடுவிலே சில ஆண்டுகள் தவிர, 1873 வரை பணி செய்தார். மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் வெளியிட்ட 'இரண வைத்தியம்' என்னும் சத்திர நூல் வந்தது 1867இல். அதே ஆண்டிலேதான் ஜோசப் லிஸ்ரர், புண்ணிலே சீழ் வைப்பது கிருமியின் வேலை என்றும், கார்போலிக் அமிலத்தால் அதனைத் தடுக்கலாம் என்றும் கிளாஸ்கோ அனுபவத்தை வைத்து லண்டனிலே எழுதினார். இரண்டையும் ஒரே ஆண்டிலே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு பெருமிதமும் ஒரு ஏக்கமும் உண்டாகும். சத்திரவித்தை புதுயுகத்துக்குள் புகுந்த வாசலிலே தமிழும் நின்றது. உள்ளே போகவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் தோன்றியது. நல்ல வைத்தியர்களை அது தந்திருக்கின்றது. ஆயின் பாடமொழி ஆங்கிலம். அதனை மாற்ற வேண்டுமென்று வாதாட நான் வரவில்லை. உலக அறிவோடு உறவு வேண்டும். ஆனால் நோயாளி தமிழிலே ஏழு விதமாய்ச் சொன்ன நோ, துண்டிலே ஏறும்போது ஒரே ஆங்கிலச் சொல்லாய்ச் சுருங்கிவிடுகிறது. அதைப் படிக்கின்ற அடுத்த வைத்தியர் அந்த ஒரு சொல்லையே காண்பார்.

ஆசிரிய நண்பர்கள் இதிலே ஒன்று செய்யலாம் என்று எண்ணுகிறேன். வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும் மாணவர் மீன், வலை, தோணி என்று தொடங்குவதே வழக்கம். உடம்பையும் அந்தப் பட்டியலிலே சேர்க்கட்டும். உளைவுக்கும் கடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கிழவியிடம் கேட்டு எழுதுவது, பாட்டுக்கு உரை எழுதுவதிலும் தாழ்ந்த வேலை அன்று. ஒரு மருத்துவ மாணவன் கையிலே அந்த ஏடு அகப்பட்டால் அதன் பயன் பெரிது.

தச்சருக்குக் கண்டது கொடிமுந்திரிகைக் குலைக் கிருமியே. ஆறு கிழமை நாளம் வழியாக மருந்து ஏறியது. ஊறி ஊறிப் போகவேண்டிய மருந்துக்கு அவ்வளவு காலம் வேண்டும். முள்ளென்புக் கிருமிக்கு ஆறு கிழமை மருந்து பன்னிரண்டு கிழமைக்குக் குறைந்ததன்று என்று பிரான்சு நாட்டு வைத்தியர் குழுவொன்று 2015ஆம் ஆண்டிலே பலரை வைத்து ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறது. சிலருக்கு அதனிலும் கூடுதலாய் வேண்டும். தச்சருக்குப் பின்னும் சில கிழமை குளிசை கொடுத்தார்கள். நாரிக்குப் பட்டையும் கட்டினார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சி. ஆர். பி. பார்த்தார்கள், இறங்கியது. முதலிலே நோ குறைந்தது. படம் சீராவதற்கு மாதங்கள் சென்றன.

இறுதியிலே, நடுவிலிருந்த மெத்தை அழிந்து, மேலென்பும் கீழென்பும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. இந்த நோய் ஆறுகின்ற வழிகளுள் அதுவும் ஒன்றாம். படத்தை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்த தச்சர், "மாஸ்டர், இதுக்கு ஆணியும் அடிக்கேல்லை, பசையும் வைக்கேல்லை. பொருத்து நல்லாய்க் கிடக்குது" என்றார். இப்பொழுது பலகை தூக்குவது மகன். இவர் குனியாமல் நின்றே சீவுவதற்காக, பட்டறை மேசைக்கு அரை அடி உயரக் கால் வைத்துத் தானே புதுக்கிக்கொண்டார்.